அடகுக்குப் போன உலகக் கோப்பை

ஒரு சின்னக் கேள்வி. கால்பந்தில் முதல் உலகக் கோப்பையை ஜெயித்தது யார்?

விவரம் தெரிந்தவர்கள் யோசிக்கக்கூட மாட்டார்கள். உருகுவே. வருஷம் 1930. இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவை 4-2 என்று சாய்த்தார்கள். பொது அறிவுப் புத்தகங்களில் இதுதான் விடை. பரீட்சையிலும் இதையே எழுதுங்கள். வேறு எதையாவது எழுதி மார்க் போனால் நான் பொறுப்பில்லை.

ஆனால் இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் மாவட்டத்தில், வெஸ்ட் ஆக்லாந்து என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே போய் இந்த விடையைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். உருகுவேக்கு இருபத்தோரு வருஷம் முன்பே, 1909-ல், உலகக் கோப்பையை ஜெயித்தது எங்கள் ஊர்ப் பையன்கள் என்பார்கள். அதுவும் ஒரு தடவையோடு நிற்கவில்லை. 1911-ல் மறுபடியும். அந்த இரண்டாவது தடவை இறுதியாட்டத்தில் அவர்களிடம் தோற்றது யார் தெரியுமா? இத்தாலியின் ஜுவென்டஸ். ஸ்கோர் 6-1.

ஜுவென்டஸ் என்றால் இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரியும். வெஸ்ட் ஆக்லாந்தைப் பக்கத்து மாவட்டத்துக்காரருக்கே தெரியுமா என்பது சந்தேகம். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டிய ஆட்கள், லீவு போட்டுவிட்டு ரயில் ஏறிப் போய், கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்து என்ன செய்தார்கள்?

அடகு வைத்தார்கள். நாற்பது பவுண்டுக்கு.

நான் படித்தது பி.காம். ஆறு கோல் கணக்கைவிட இந்த நாற்பது பவுண்டு கணக்குதான் என்னை இழுத்தது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஜூன் மாதமும் அம்மாவின் இரண்டு வளையல்கள் சேட்டுக் கடைக்குப் போகும். ஸ்கூல் ஃபீஸ். தீபாவளிக்குள் திரும்பி வந்தால் அது நல்ல வருஷம். அடகு வைத்த பொருள் மீது ஒரு வீட்டுக்கு இருக்கும் பாசம் எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும். ஒரு கிராமமே அப்படி ஒரு பொருளை அடகு வைத்துவிட்டுக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு காத்திருந்தது என்றால் சும்மா விட முடியுமா?

*

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம்.

டர்ஹாம் என்றால் நிலக்கரி. பூமிக்கு மேலே பசும்புல், ஆடு, மாதா கோயில். பூமிக்குக் கீழே ராட்டினக் கயிற்றில் இறங்கி, குனிந்து, தவழ்ந்து, கரியை வெட்டும் ஆயிரக்கணக்கான ஆண்கள். 1872 வரைக்கும் அந்த மாவட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தொழிலாளி வருஷத்துக்கு ஒருமுறை முதலாளியிடம் ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கொடுத்து வேலைக்குச் சேர வேண்டும். அந்த வருஷம் முழுக்க வேறு சுரங்கத்துக்குப் போகக்கூடாது. மீறினால் வழக்கு, ஜெயில். சங்கம் வைத்துப் போராடித்தான் அதை ஒழித்தார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இது தொழிலாளர்களே விரும்பிக் காப்பாற்றி வைத்தது. சுரங்கத்துக்குள் எல்லா இடமும் ஒன்றல்ல. ஓரிடத்தில் கரி சுலபமாக உதிரும், இன்னோரிடத்தில் தண்ணீர் ஒழுகும், பாறை மல்லுக்கட்டும். வெட்டிய எடைக்குத்தான் கூலி என்பதால் எந்த இடம் கிடைக்கிறது என்பது வயிற்றுப்பாடு. எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். யாருக்கு எந்த இடம் விழுகிறதோ அது அவர் அதிர்ஷ்டம். மேஸ்திரிக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்படிப்பட்ட ஊர்களில் ஞாயிறு கோயிலுக்கு, சனிக்கிழமை கால்பந்துக்கு. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு டீம் என்று சொல்லும் அளவுக்கு ஆட்டம் பரவியிருந்தது. வெஸ்ட் ஆக்லாந்து கிளப் தொடங்கியது 1893-ல்.

இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரு வர்ண பேதம் உண்டு. 1885-ல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று சட்டமானது. 1888-ல் பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்து ‘ஃபுட்பால் லீக்’ ஆரம்பித்தன. அதற்குள் இருந்தால் நீங்கள் ‘லீக்’ கிளப். வெளியே இருந்தால் ‘நான்-லீக்’. அதாவது, ‘இல்லாதவர்கள்’. நாட்டில் பெரும்பாலான கிளப்புகள் இந்த இல்லாதவர்கள் கூட்டம்தான். வடகிழக்கில் இவர்களுக்கென்று 1889-ல் ‘நார்தர்ன் லீக்’ என்று ஒன்று உருவானது. உலகத்திலேயே இரண்டாவது பழைமையான லீக் என்று அதற்குப் பெயர். வெஸ்ட் ஆக்லாந்து அதில் இருந்தது. அதிலும் முன்னணி அணி எல்லாம் கிடையாது. வாரம் முழுக்கக் கரி வெட்டு, சனிக்கிழமை பந்து உதை, சம்பளம் பூஜ்யம்.

1909 பிப்ரவரி 16. அதே டர்ஹாம் மாவட்டத்தில் வெஸ்ட் ஸ்டான்லி சுரங்கத்தில் வெடிவிபத்து. 168 பேர் செத்துப்போனார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. மாவட்டமே துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்த அந்த வருஷ வசந்தத்தில்தான் வெஸ்ட் ஆக்லாந்துக்கு ஓர் அழைப்பு வந்தது. இத்தாலிக்கு வந்து கால்பந்து ஆடுங்கள்!

அழைத்தவர் ஒரு டீ வியாபாரி.

*

தாமஸ் லிப்டன். ஆமாம், உங்கள் வீட்டு அலமாரியில் மஞ்சள் டப்பாவில் இருக்கிறாரே, அவரேதான்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஓர் ஏழை மளிகைக் கடைக்காரரின் மகன். பதின்வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அங்கே புகையிலைத் தோட்டம், நெல் வயல் என்று கூலி வேலை பார்த்து, நியூயார்க் கடை ஒன்றில் வியாபாரத் தந்திரங்களைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். 1871-ல் கிளாஸ்கோவில் முதல் கடை. விளம்பரம் என்றால் மனிதருக்கு உயிர். 1881 கிறிஸ்துமஸுக்கு ராட்சஸ சைஸில் ஒரு பாலாடைக் கட்டியை வரவழைத்து, அதற்குள் தங்கக் காசுகளைப் புதைத்து, துண்டு போட்டு விற்றார். கூட்டத்தை அடக்கப் போலீஸ் வர வேண்டியதாயிற்று.

1890-ல் இலங்கைக்குப் போனார். அங்கே காப்பித் தோட்டங்கள் எல்லாம் இலைநோய் வந்து அழிந்து, துரைமார்கள் அடிமாட்டு விலைக்கு விற்றுக்கொண்டிருந்த சமயம். ஹப்புத்தளை அருகே தம்பேதன்னை உள்பட சில தோட்டங்களை வளைத்துப் போட்டார். தோட்டத்திலிருந்து நேராக உங்கள் கோப்பைக்கு, இடைத்தரகர் கிடையாது என்று விளம்பரம் செய்தார். விலை குறைந்தது. சுரங்கத் தொழிலாளி வீட்டு அடுப்பில் டீ இன்னும் தாராளமாக ஏறியது. 1898-ல் கம்பெனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது மூலதனம் 25 லட்சம் பவுண்டு. பங்கு கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. அதே வருஷம் ‘சர்’ பட்டமும் வந்தது.

இடைத்தரகர் இல்லை என்றாரே, அந்த இலையைப் பறித்தது யார்? நம் ஆட்கள். திருச்சி, தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து, கங்காணியின் பின்னால் கடல் தாண்டிப் போனவர்கள். வழியில் காட்டுக்குள்ளேயே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் ஏராளம். மலை ஏறியவர்கள் கணக்கில் பயணச் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடனாக ஏறும். அந்தக் கடன் தொகையை எழுதிய சீட்டுக்கு ‘துண்டு’ என்று பெயர். அந்தத் தொகையை அடைக்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-ல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

டர்ஹாமில் ஒப்பந்தப் பத்திரம், ஹப்புத்தளையில் துண்டு. ஒன்று 1872-ல் ஒழிந்தது, மற்றது ஒழிய இன்னும் ஐம்பது வருஷம் பிடித்தது. காலனியில் எல்லாமே கொஞ்சம் லேட்டாகத்தான் வரும்.

ஆக, லிப்டன் கையில் இருந்த பணத்தில் தேயிலை மலையின் வியர்வையும் இருந்தது. டீ வாங்கிக் குடித்த சுரங்கத் தொழிலாளியின் சில்லறையும் இருந்தது. அந்தப் பணத்தில்தான் அவர் வெள்ளிக் கோப்பைகள் செய்து கொடுத்தார். தென் அமெரிக்காவில் 1905-ல் அர்ஜென்டினாவும் உருகுவேயும் மோதுவதற்கு ஒரு லிப்டன் கோப்பை. அடுத்து, இத்தாலியின் டூரின் நகரத்தில் ஐரோப்பிய நாடுகளின் கிளப்புகள் மோத இன்னொரு லிப்டன் கோப்பை.

*

டூரின் போட்டிக்கு இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூன்று நாடுகளும் அணி அனுப்பச் சம்மதித்தன. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்துக்குக் கடிதம் போனது. அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். கால்பந்தைக் கண்டுபிடித்த நாடு இல்லாமல் சர்வதேசப் போட்டியா? லிப்டனுக்கு மானப் பிரச்னை. ஏதாவது ஓர் ஆங்கிலேய அணி வந்தே ஆக வேண்டும் என்றார்.

வந்தது வெஸ்ட் ஆக்லாந்து.

இத்தனை கிளப்புகள் இருக்க, ஏன் இந்தக் கிராமம்? ஒரு கதை உண்டு. அன்றைக்கு லண்டனில் ‘வுல்விச் ஆர்சனல்’ என்றொரு பெரிய கிளப் இருந்தது. இன்றைய ஆர்சனல்தான். அதன் சுருக்கமும் டபிள்யூ.ஏ., வெஸ்ட் ஆக்லாந்தின் சுருக்கமும் டபிள்யூ.ஏ. லிப்டனின் ஆபீஸில் யாரோ ஒரு குமாஸ்தா முகவரி மாற்றிக் கடிதம் போட்டுவிட்டாராம்! சிரிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு துண்டுக் காகிதம் ஆதாரம் கிடையாது. லிப்டனின் ஊழியர் ஒருவருக்கு நார்தர்ன் லீக்கோடு இருந்த தொடர்பில்தான் அழைப்பு போனது என்று இன்னொரு கதையும் இருக்கிறது. கேட்க சுவாரஸ்யம் இல்லாததால் அது பிரபலமாகவில்லை.

எப்படி வந்திருந்தால் என்ன? மூன்று மாதச் சீட்டுக் குலுக்கலில் நல்ல இடம் விழுந்த மாதிரி, இது அந்த ஊருக்கு விழுந்தது. ஆனால் இந்தச் சீட்டுக்கு ஒரு விலை இருந்தது. பயணச் செலவுக்குக் கையைவிட்டுப் போட வேண்டும். வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கூலி கிடையாது. வீட்டுச் சாமான்களை விற்றும் அடகு வைத்தும் சில ஆட்டக்காரர்கள் கிளம்பினார்கள் என்று அந்த ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். கோப்பை அடகுக்குப் போவதற்கு முன்பே, கோப்பைக்காக அடகு ஆரம்பித்துவிட்டது.

ரயில், கப்பல், மறுபடி ரயில். 1909 ஈஸ்டர் விடுமுறையில் டூரின் போய் இறங்கினார்கள். அணியில் பக்கத்து ஊர்களிலிருந்து இரவல் வாங்கிய ஆட்களும் உண்டு. அதில் ஒருவர் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஜாக் கிரீன்வெல். க்ரூக் என்ற சுரங்க ஊர்க்காரர். பின்னால் வருகிறேன்.

முதல் ஆட்டம், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் ஸ்போர்ட்ஃப்ராய்ண்ட. 2-0. ஜெயம். ஏப்ரல் 12, ஈஸ்டர் திங்கள்கிழமை, இறுதியாட்டம். எதிரே சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர். அதுவும் 2-0. முடிந்தது. சில நாள் முன்புவரை சுரங்கத்தில் தவழ்ந்துகொண்டிருந்தவர்கள் கையில் லிப்டனின் வெள்ளிக் கோப்பை.

நடப்புச் சாம்பியன் என்பதால் 1911-ல் மறுபடியும் அழைப்பு. மறுபடியும் ஈஸ்டர், மறுபடியும் டூரின், மறுபடியும் செலவு. இடைப்பட்ட 1910-ல்தான் டர்ஹாம் சுரங்கங்களில் ஷிஃப்ட் முறையை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்து, வீடுகளில் இருந்த நாலு காசும் கரைந்திருந்தது. இருந்தாலும் போனார்கள். ஜூரிச் அணியை 2-0. ஏப்ரல் 17, இறுதியாட்டத்தில் ஜுவென்டஸை, அவர்கள் சொந்த ஊரிலேயே 6-1.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அன்றைய ஜுவென்டஸ் இன்றைய ஜுவென்டஸ் அல்ல. 1897-ல் பள்ளிக்கூடப் பையன்கள் ஆரம்பித்த கிளப், வயது பதினான்கு. அவர்கள் போட்டுக்கொண்ட கறுப்பு-வெள்ளைக் கோடு போட்ட சட்டைகூட இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து தருவித்தது. ‘முதல் உலகக் கோப்பை’ என்ற பட்டத்திலும் இழுபறி இருக்கிறது. இதே டூரினில் 1908-ல் வேறொரு சர்வதேசப் போட்டி நடந்து, சுவிட்சர்லாந்தின் செர்வெட் ஜெயித்திருக்கிறது. லிப்டன் போட்டியில் தேசிய அணிகள் ஆடவும் இல்லை, தென் அமெரிக்கா எட்டிப் பார்க்கவும் இல்லை. எனவே உருகுவேயின் பட்டத்துக்கு ஆபத்தில்லை.

ஆனாலும் ஒன்று. நாட்டின் கால்பந்துச் சங்கம் ‘நாங்கள் வரவில்லை’ என்று சொன்ன இடத்துக்கு, கூலியை இழந்து போய், நாட்டின் பெயரைக் காப்பாற்றிவிட்டு வந்தவர்கள் யார்? பட்டம் என்னவாக இருந்தாலும் அந்த வரவு இவர்கள் கணக்கில்தான் எழுத வேண்டும்.

*

அடுத்தடுத்து இரண்டு தடவை ஜெயித்தால் கோப்பை நிரந்தரமாக அவர்களுக்கே சொந்தம் என்பது விதி. கோப்பையோடு வந்தார்கள். கூடவே கடனும் வந்தது.

இங்கேதான் கணக்குப் புத்தகத்தைப் பிரிக்க வேண்டும். இடது பக்கம், சொத்து: ஒரு வெள்ளிக் கோப்பை. வலது பக்கம், பொறுப்பு: இத்தாலிப் பயணத்தில் விழுந்த கடன். கையில் ரொக்கம்: இல்லை. பி.காம். முதல் வருஷப் பையனைக் கேட்டாலும் சொல்வான், சொத்தை ரொக்கமாக மாற்று என்று. அதைத்தான் செய்தார்கள். அந்த ஊரில் வீட்ஷீஃப் என்று ஒரு ஹோட்டல். அதை நடத்திய அம்மாளிடம் கோப்பையைக் கொடுத்துவிட்டு நாற்பது பவுண்டு வாங்கினார்கள். கோப்பை பீரோவுக்குள் போனது.

நாற்பது பவுண்டும் கிளப்பைக் காப்பாற்றவில்லை. 1912 வசந்தத்தில் குறைந்தபட்சக் கூலி கேட்டு இங்கிலாந்து முழுக்க ஏறக்குறைய பத்து லட்சம் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த 1912-ல் வெஸ்ட் ஆக்லாந்து கிளப்பும் நொடித்து, நார்தர்ன் லீக்கை விட்டு வெளியேறியது. ஜுவென்டஸை ஆறு கோல் போட்டு அடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 1914-ல் ‘வெஸ்ட் ஆக்லாந்து டவுன்’ என்று புதுப் பெயரில் மறுபடி எழுந்தார்கள். அதே வருஷம் உலகப் போரும் வந்தது.

லிப்டன் 1931 வரை உயிரோடு இருந்தார். அவர் கொடுத்த கோப்பை அத்தனை வருஷமும் அடகில் இருந்தது.

சரி, ஜாக் கிரீன்வெல்லைக் குறித்துக்கொள்ளச் சொன்னேனே? டூரினில் ஆடிய அந்தச் சுரங்கத் தொழிலாளி 1912-ல் ஸ்பெயினுக்குப் போய் பார்சிலோனா கிளப்பில் சேர்ந்தார். ஆமாம், அதே பார்சிலோனா. 1917-ல் அந்த அணியின் பயிற்சியாளராகவே ஆகி, பல வருஷம் அந்தப் பதவியில் இருந்தார். பின்னாட்களில் தென் அமெரிக்கா போனார். 1939-ல் பெரு நாட்டு அணி முதன்முதலாகத் தென் அமெரிக்கச் சாம்பியன் ஆனது. பயிற்சியாளர் இவர்தான். 1942-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் காலமானார். குழியிலிருந்து மேலே வந்த ஒரு மனிதனைப் பந்து எங்கெங்கே உருட்டிக்கொண்டு போயிருக்கிறது பாருங்கள்! மற்றவர்கள் ஊர் திரும்பி, விளக்கை எடுத்துக்கொண்டு மறுபடி குழிக்குள் இறங்கினார்கள்.

*

அடகு வைத்தது வைத்ததுதான். இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. 1930-களின் மந்தத்தில் டர்ஹாம் ஊர்கள் வேலையில்லாமல் வாடின. சுரங்கங்கள் 1947-ல் அரசுடைமை ஆயின.

அந்த வட்டாரத்தில் கால்பந்து மட்டும் சாகவில்லை. பக்கத்திலேயே பிஷப் ஆக்லாந்து என்ற சிறு நகரம். அந்த ஊர் கிளப், சம்பளம் வாங்காத அணிகளுக்கான அமெச்சூர் கோப்பையைப் பத்துத் தடவை ஜெயித்தது. வேறு யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. 1954 இறுதியாட்டத்தில் அவர்களோடு மோதியது கிரீன்வெல்லின் ஊரான க்ரூக். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் ஒரு லட்சம் பேர்! ஆட்டம் டிரா ஆகி, மறு ஆட்டமும் டிரா ஆகி, மூன்றாவதில்தான் க்ரூக் ஜெயித்தது. 1958-ல் மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் அணி சிதைந்தபோது, உதவிக்கு மூன்று ஆட்டக்காரர்களை அனுப்பிவைத்ததும் பிஷப் ஆக்லாந்துதான். ‘இல்லாதவர்கள்’ பக்கம் இருந்து ‘இருப்பவர்களுக்கு’ வந்த உதவி.

இந்தக் காற்று வெஸ்ட் ஆக்லாந்துப் பக்கமும் அடித்தது. 1960-லும் 1961-லும் நார்தர்ன் லீக் சாம்பியன். அதே 1960-ல் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. கோப்பையை மீட்போம். அந்த அம்மாளிடம் பேசினார்கள். நூறு பவுண்டு கொடுத்து மீட்டார்கள்.

வாங்கியது நாற்பது, கொடுத்தது நூறு, இடையில் 49 வருஷம். கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். கூட்டு வட்டி வருஷத்துக்கு இரண்டு சதவீதம்கூடத் தேறவில்லை. நம்மூர் வட்டிக்கடைக்காரர் யாராவது இதைக் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார். இரண்டு போர்களிலும் பெரும் மந்தத்திலும் வெள்ளியை உருக்கி விற்காமல், ஏலம் போடாமல், வைத்த பொருளை வைத்தபடி வைத்திருந்தாரே அந்த அம்மாள்! கோல் போட்டவர்களின் பட்டியலில் ஓர் ஓரமாக அவரையும் எழுதலாம்.

மறு வருஷம், 1961-ல், கோப்பை ஊருக்கு வந்த ராசியோ என்னவோ, வெஸ்ட் ஆக்லாந்து டவுன் அமெச்சூர் கோப்பை இறுதியாட்டத்துக்கு வெம்ப்ளி போனது. வால்தம்ஸ்டோ அவென்யூ அணியிடம் 2-1 என்று தோற்றது.

*

1982-ல் இந்தக் கதையை டெலிவிஷன் படமாக எடுத்தார்கள். கேப்டன் பாப் ஜோன்ஸாக நடித்தவர், அன்றைய பிரபல நடிகர் டென்னிஸ் வாட்டர்மேன். இங்கிலாந்து முழுக்க ஊர் பெயர் தெரிந்தது. ‘முதல் உலகக் கோப்பை’ என்ற பேச்சு உரக்க எழுந்தது.

ஆனால் அந்த நேரம், கோப்பையை ஜெயித்த உலகம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. 1984-85-ல் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருஷம் வேலைநிறுத்தம் செய்து, மார்கரெட் தாட்சரிடம் தோற்றார்கள். அதன் பிறகு மளமளவென்று சுரங்கங்கள் மூடப்பட்டன. 1993 டிசம்பரில், பழைய டர்ஹாம் நிலக்கரி வயலின் கடைசி ஆழ்சுரங்கமான வேர்மவுத்தில் கடைசி ஷிஃப்ட் மேலே ஏறி வந்தது. அந்த இடத்தில் இன்று ஒரு கால்பந்து மைதானம் நிற்கிறது. சண்டர்லேண்ட் அணியின் ‘ஒளி மைதானம்’. சுரங்கத் தொழிலாளியின் கைவிளக்கை நினைத்து வைத்த பெயர்.

கடைசிச் சுரங்கம் மூடிய அடுத்த மாதம். 1994 ஜனவரி. வெஸ்ட் ஆக்லாந்து தொழிலாளர் கிளப்பில் கண்ணாடிக்குள் வைத்திருந்த லிப்டன் கோப்பையை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.

போனது போனதுதான். போலீஸ் தேடியது. கிடைக்கவே இல்லை. உருக்கி விற்றிருந்தால் வெறும் வெள்ளி விலைதான் தேறியிருக்கும். அடகில் பத்திரமாக இருந்த பொருள், வீட்டுக்கு வந்து முப்பத்து நாலாம் வருஷத்தில் காணாமல் போனது. ஊர்க்காரர்கள் அச்சு அசலாக ஒரு நகல் செய்து வைத்துக்கொண்டார்கள்.

கோப்பை போய்விட்டதே, கதை முடிந்ததா? அதுதான் இல்லை. 2009-ல் நூற்றாண்டுக்கு மறுபடியும் டூரின் போய் ஜுவென்டஸின் இளைஞர் அணியோடு ஆடினார்கள். இந்த முறை செம அடி வாங்கினார்கள். பழைய ஆறு கோல் கடன் வட்டியோடு தீர்ந்தது! 2013-ல் ஊர்ப் பொதுப் புல்வெளியில் அந்த அணிக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். சின்னக் கிளப்புகளுக்கான எஃப்.ஏ. வாஸ் கோப்பையில் 2012-லும் 2014-லும் இறுதியாட்டம் வரை வந்து, இரண்டு தடவையும் வெம்ப்ளியில் தோற்றார்கள். இங்கிலாந்துக் கால்பந்து ஒரு ஏணி. நார்தர்ன் லீக்கின் இரண்டு பிரிவுகளும் அதில் மேலிருந்து ஒன்பதாவது, பத்தாவது படிகள். ஜுவென்டஸை ஜெயித்தவர்களின் பேரன், கொள்ளுப்பேரன் காலத்து ஆட்டம் நடப்பது அந்த உயரத்தில்தான்.

கல்லூரியில் எங்களுக்குக் கணக்குப் பதிவியல் எடுத்த சார், ‘குட்வில்’ பாடம் வரும்போது மேஜையைத் தட்டிச் சொல்வார்: “இந்தச் சொத்தைக் கண்ணால பார்க்க முடியாது, தொட முடியாது, சேட்டுக் கடையில வெச்சா ஒரு பைசா தர மாட்டான். ஆனா கடை நிக்கிறது அதுல தான்டா!” அன்றைக்குப் புரியவில்லை. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினேன்.

வெஸ்ட் ஆக்லாந்தின் கணக்கைப் பார்த்தபோதுதான் புரிந்தது. வெள்ளியை அடகு வைத்தார்கள். மீட்டார்கள். திருட்டுக் கொடுத்தார்கள். ரொக்கமும் இல்லை, சுரங்கமும் இல்லை. நூறு வருஷம் கழித்தும் அந்த ஊர்ப் பிள்ளைகள் சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருகிறார்கள் என்றால், எதை நம்பி? அடகு வைக்க முடியாத, திருட முடியாத அந்த ஒரு சொத்தை நம்பித்தான்.

சர் தாமஸ் லிப்டனுக்கும் கோப்பை ஆசை இருந்தது. பாய்மரப் படகுப் பந்தயத்தில் ‘அமெரிக்கா கோப்பை’யை ஜெயிக்க 1899-லிருந்து 1930 வரை ஐந்து தடவை, ஐந்து படகுகள் கட்டிப் போட்டியிட்டார். கோடீஸ்வரர். பணத்துக்குப் பஞ்சமில்லை. ஐந்திலும் தோற்றார். கடைசியில் அமெரிக்க மக்கள் பரிதாபப்பட்டு, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ‘நல்ல தோல்வியாளர்’ என்று ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். கண் கலங்கி வாங்கிக்கொண்டார்.

கோப்பை வாங்கக் காசு இருந்தவருக்கு ஜெயிக்க முடியவில்லை. ஜெயித்தவர்களுக்கு வைத்துக்கொள்ளக் காசு இல்லை. அந்த இலையைப் பறித்த நம் ஆட்களுக்கோ, 1948-ல் குடியுரிமையே பறிபோனது. அதை முழுதாக மீட்க 2003 வரை ஆயிற்று. 55 வருஷம். டர்ஹாம்காரர்கள் கோப்பையை மீட்க எடுத்துக்கொண்டதைவிட ஆறு வருஷம் அதிகம்.

அவர்களுக்கு இன்னும் யாரும் கோப்பை கொடுக்கவில்லை.